கட்டைக் கணக்கும் காமிரா காடியும்

ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படையெடுத்தபோது யாரிடமும் வழி கேட்டிருக்க மாட்டான். ஆம்பிளை, அதிலும் அரசன், அதிலும் ஒரு கப்பற்படையே வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கிறது. எப்படிக் கேட்பான்? ஆயிரம் வருஷம் கழித்து ஸ்ரீ கெம்பாங்கானில் என் மச்சான் ஒரே ரவுண்டபௌட்டை மூன்றாவது தடவையாகச் சுற்றுகிறார். பின்னிருக்கையில் என் தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும். அவரும் கேட்க மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் சோழன் மச்சானைவிடத் தேவலை. படை போய்வந்த இடத்தையெல்லாம் எழுதி வைத்தான். 1025-ல் அடித்த ஊர்களின் பட்டியலைத் தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே வெட்டிவிட்டான். பதின்மூன்று ஊர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விமரிசனம். ஸ்ரீவிஜயத்தின் வாசல் தோரணம் பிரமாதம், கதவில் மணி பதித்திருக்கிறார்கள். மாயிருடிங்கத்துக்குக் கடலே அகழி. நக்கவாரத்தில் தேன் சோலை உண்டு. இன்றைக்கு ஒருவன் ஓட்டலுக்குப் போய்விட்டு, கழிவறை சுத்தம், பார்க்கிங் கஷ்டம் என்று கைப்பேசியில் நட்சத்திரம் போடுகிறானே, அதே வேலைதான். என்ன, இவன் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறான், அவன் சூறையாடிவிட்டு எழுதினான்.

ஆனால் அவ்வளவு பெரிய சுவரில் இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. கடாரம் நம்ம கெடா, இலங்காசோகம் பழைய லங்காசுகா, நக்கவாரம் நிக்கோபார் என்பதுவரை அறிஞர்கள் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். மேவிலிம்பங்கத்துக்கும் வளைப்பந்தூறுக்கும் வந்தவுடன் ஆளுக்கொரு திசையில் கை காட்டுகிறார்கள். முகவரி எழுதத் தெரியாமல் விமரிசனம் மட்டும் எழுதினால் இதுதான் கதி.

அதே கோயிலுக்கு 1808-ல் இன்னொருத்தர் வந்து சேர்ந்தார். பெயர் வில்லியம் லாம்ப்டன். பூமியின் வளைவை அளந்தே தீருவேன் என்று வேண்டிக்கொண்டவர் மாதிரி, 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைப் பரங்கிமலைப் பக்கம் நூறடிச் சங்கிலியைத் தரையில் போட்டு ஆரம்பித்தார். ஏழரை மைல் கோடு ஒன்றை அளக்க 57 நாள் ஆனது. ஏழரை என்றாலே இழுக்கத்தானே செய்யும். அவருடைய பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து அது வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். இதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது என்று பாராட்டுக் கடிதத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எதிரி கையில் மாட்டியும் பிழைத்த அந்தக் கருவி, தஞ்சாவூரில் கோயில் கோபுரத்து மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் போய் வாசலை மூடிக்கொண்டு, ஆறு வாரம் உட்கார்ந்து தட்டிக்கொட்டி நிமிர்த்தினார். பக்திமான்கள் சிவபெருமான் கோபம் என்பார்கள். எனக்கென்னவோ ராஜேந்திரன் வேலையாகத் தெரிகிறது. சுவரில் ஏற்கெனவே எழுதித்தான் வைத்திருக்கிறேனே, மறுபடி எதற்கடா அளக்கிறீர்கள்?

வெள்ளைக்காரன் ஏன் அளந்தான் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. அளந்தால் வரி போடலாம். மலாயாவில் அளந்தால் ஈயத்துக்கும் ரப்பருக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். இங்கே 66 அடிச் செயினைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தார்கள். அட்டைப்பூச்சி அவர்களைத் தனியாக அளந்தது. தீபகற்பமே வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து படுத்திருப்பதால் நேர்க்கட்டமாகப் போட்ட படத்தில் அது ஒழுங்காக உட்காரவில்லை. 1947-ல் மார்ட்டின் ஹோட்டின் என்ற சர்வே அதிகாரி, நாட்டை நிமிர்த்த முடியாது, கட்டத்தைச் சாய்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். ரொம்ப நாள் அந்தச் சாய்ந்த கட்டத்தில்தான் நம் படங்களெல்லாம் வரையப்பட்டன. நேராகப் போங்கள் என்று இங்கே யார் சொன்னாலும் கொஞ்சம் சாய்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தொரை மேசையில் இருந்த படம். தோட்டத்துத் தமிழன் தனக்கென்று ஒரு படம் வைத்திருந்தான். அதில் ஆள் எண்ணும் பெரட்டுக்களம், கிராணி வீடு, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, அவ்வளவுதான். தொரை பங்களா என்பது போகக்கூடாத இடம் என்ற வகையில் இடம்பெற்றது. தோட்டத்துக்கு வெளியே உலகத்தை அளக்க அவனிடம் இருந்தது கட்டை. மலாயில் பத்து என்றால் கல், மைலும் அதுவே. ரோட்டோரம் நட்ட மைல்கல் நமக்குக் கட்டை ஆனது. "எங்க இருக்கீங்க?" "ஒம்பதாங்கட்டை." முகவரி முடிந்தது. தபால்காரனும் சம்பந்தியும் வட்டிக்காரனும் சரியாக வந்து சேர்ந்தார்கள், வட்டிக்காரன் ஒருநாள் முன்னதாகவே.

1970-களில் நாடு கிலோமீட்டருக்கு மாறியது. கட்டை மாறவில்லை. 2017-ல் காஜாங் தடத்தில் ரயில் விட்டபோது, கணினி ஓட்டும் வண்டி, கண்ணாடிக் கதவு எல்லாம் வைத்து, ஒரு நிலையத்துக்குப் பத்து செபெலாஸ் செராஸ் என்று பெயர் வைத்தார்கள். செராஸ் பதினோராங்கட்டை. செத்துப்போன மைலுக்கு இவ்வளவு செலவில் சமாதி வேறெங்கும் எழுப்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். செர்டாங் என்பது ஒருவகைப் பனை. மரத்தின் பெயரில் நிம்மதியாக இருந்த ஊர். 1948-ல் அவசரகாலம் வந்தது, 1950-ல் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் வந்தார். காட்டோரம் சிதறிக் குடியிருந்தவர்கள் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுக்கிறார்கள், எல்லோரையும் ஒரே இடத்தில் அடைத்துவிடுவோம் என்று திட்டம் போட்டார். நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்கள், சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள். செர்டாங் புதுக்கிராமம் அதில் ஒன்று. முள்கம்பி வேலி, கேட், காவல், ஊரடங்கு. இன்றைக்கு இதே வேலி, கேட், காவலாளி எல்லாம் இருந்தால் வீடு விலை மூன்று லட்சம் வெள்ளி கூடிவிடுகிறது. பிரிக்ஸ் கொஞ்சம் காத்திருந்தால் டெவலப்பர் ஆகியிருக்கலாம்.

அந்தக் காலத்தில் வரைபடம் என்பது ராணுவச் சமாச்சாரம். அந்தப் பழக்கம் லேசில் போகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் விவரமான நிலவரைபடங்களுக்கு ‘தெர்ஹாட்’, அதாவது வரம்புக்குட்பட்டது என்ற முத்திரை ரொம்ப காலம் இருந்தது. நாம் எங்கே இருக்கிறோம் என்பது நமக்கே ரகசியம்.

பிற்பாடு ஊர் பெருத்து, செர்டாங் புதுக்கிராமம் ஸ்ரீ கெம்பாங்கான் ஆனது. மலாயில் ‘செரி’ என்று எழுதுகிறார்கள். நாம் ஸ்ரீயை விடவில்லை, செரி என்றால் நமக்கு வயிறு சம்பந்தப்பட்ட விஷயம். சரி, பெயரை மாற்றினீர்களே, ஒழுங்காக ஒட்டினீர்களா? 2023 மார்ச்சில் புத்ராஜெயா தடத்தை முழுசாகத் திறந்தார்கள். செர்டாங் ராயா ஊத்தாரா, செர்டாங் ராயா செலாத்தான், செர்டாங் ஜெயா, யுபிஎம், தாமான் எக்குவைன், புத்ரா பெர்மாய் என்று வரிசையாக நிலையங்கள். கேடிஎம் காரர்களுக்கும் ஒரு செர்டாங் உண்டு. ஸ்ரீ கெம்பாங்கான் என்று ஒரு பலகையாவது? கிடையாது. இந்த ஊருக்கு ரயிலில் வரவேண்டும் என்றால் இந்த ஊர் பெயரை மறந்துவிட வேண்டும்.

தெருப் பெயர்களும் அப்படித்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலத்து பிரிக்பீல்ட்ஸ் ரோடு ஜாலான் துன் சம்பந்தன் ஆனது. மனிதர் பெயர், வாயில் நிற்கிறது. இங்கே எஸ்கே, எல்பி, பியுஜே என்று எழுத்து, பிறகு ஒரு எண், ஒரு சாய்வுக்கோடு, இன்னொரு எண். பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குக்குப் பயந்து ஓடினவனையெல்லாம் பின்னத்திலேயே குடிவைத்திருக்கிறார்கள்.

ஊருக்குப் பக்கத்தில் ஹோங் ஃபாட் ஈயச்சுரங்கம் இருந்தது. உலகத்திலேயே பெரிய திறந்தவெளி ஈயச்சுரங்கம் என்று பேர் வாங்கிய பள்ளம். ஈயம் போனது, மழை வந்தது, பள்ளம் ஏரியானது. ஏரியைச் சுற்றி ஓட்டல், கோல்ஃப், வீடுகள். மைன்ஸ் என்று பெயர் வைத்து நடுவில் கால்வாய் ஓடும் பேரங்காடியும் கட்டினார்கள். துணி எடுக்கப் போன இடத்தில் படகு சவாரி. என் பெரியம்மாவுக்கு அது இன்றைக்கும் பள்ளம்தான். "பள்ளத்துக்குப் போயி கோடிச் சேலை எடுத்துட்டு வா" என்று அவர் சொல்வதை வெளியூர்க்காரர் கேட்டால் குலைநடுங்கிப் போவார்.

பெயரை விடுங்கள், தெருவையே படம் பிடிக்கும் யோசனை யாருக்கு வந்தது? கூகிளுக்கு இல்லை. 1978-ல் எம்ஐடி ஆட்கள் அமெரிக்காவின் ஆஸ்பென் என்ற சின்ன ஊரில், காடி மேல் நாலு காமிராவைக் கட்டி, பத்தடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே போனார்கள். பணம் ராணுவ ஆராய்ச்சிப் பணம். இங்கேயும் பிரிக்ஸ் வாடை அடிக்கிறதா? 2005-ல் அமேசானின் ஏ9 கடைத்தெருக்களைப் படமெடுத்துப் போட்டது. அடுத்த வருஷமே கடையைக் கட்டிவிட்டது. 2007 மே மாதம் கூகிள் ஐந்து அமெரிக்க நகரங்களோடு ஸ்ட்ரீட் வியூ ஆரம்பித்தபோது உலகம் அதில் முதலில் வழியா தேடியது? வெயிலில் ஒதுங்கினவன், வேலியேறினவன், போகக்கூடாத கடையிலிருந்து வெளியே வந்தவன் என்று ஆட்களைத்தான் தேடியது.

வெள்ளைக்காரனுக்குக் கோபம் வந்தது. 2009 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிராட்டன் கிராமத்தார் தெருவில் இறங்கி நின்று காமிரா காடியை உள்ளே விடாமல் மறித்தார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து எங்கள் காட்டை அளந்தவர்களின் வாரிசுகள், தங்கள் வாசலை யாரோ படமெடுக்கிறான் என்று மறியல் செய்தார்கள். சிரிக்காமல் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. மறு வருஷம் ஜெர்மனியில் 244,000 குடும்பங்கள் எங்கள் வீட்டை மங்கலாக்கு என்று எழுதிக் கொடுத்தன. அதே 2010-ல், போகிற வழியில் அந்தக் காடிகள் வீடுகளின் வைஃபையையும் உறிஞ்சிக்கொண்டு போனது வெளியே வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

இந்தியாவில் கதை வேறு. 2011-ல் பெங்களூரில் காடி ஓட ஆரம்பித்த சில வாரங்களில் போலீஸ் நிறுத்தியது. பதினொரு வருஷம் ஊறப்போட்டு, 2022 ஜூலையில் உள்ளூர் கம்பெனிகளோடு சேர்ந்து சென்னை உள்படப் பத்து நகரங்களில் ஆரம்பித்தார்கள். லாம்ப்டன் பரங்கிமலையில் சங்கிலி போட்டு 220 வருஷம் கழித்து அங்கே தெருவுக்கு முகம் கிடைத்தது.

மலேசியாவுக்கு 2014-ல் வந்தது. எங்கள் தாமானில் மறியல் எதுவும் நடக்கவில்லை. கூரைமேல் என்னவோ கட்டிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வருகிற வண்டி என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சூராட் காபார் லாமா, பழைய பேப்பர் லோரி. எதிர்வீட்டு அக்கா மூன்று மாதத்துப் பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். காடி நிற்காமல் போய்விட்டது. "இவனுக்கெல்லாம் ரொம்ப ராங்கி" என்று திட்டிவிட்டு வந்தார். பிறகு படத்தைப் பார்த்தோம். கேட்டருகே கட்டோடு நிற்கிறார், முகம் மங்கல். சட்டப்படி சரி. ஆனால் கைலியை மங்கலாக்கவில்லையே. அந்தப் பச்சைப் பூப்போட்ட கைலியைத் தாமானில் யாருக்குத் தெரியாது?

முகம் கண்டால் மறைக்கும் அந்த யந்திரத்துக்குத் தராதரம் தெரியாது. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆற்றங்கரையில் மேய்ந்த ஒரு பசுமாட்டின் முகத்தையும் மறைத்துவிட்டது. மாட்டின் மானத்தைக் காத்த முதல் கம்பெனி என்று நம்மூரில் மாலை போட்டிருப்பார்கள்.

வீட்டு எண் படிக்க யந்திரத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். 2012-ல் நீ மனுஷன்தானா என்று நிரூபிக்கச் சொல்லி, மங்கலான எண்களைக் காட்டித் தட்டச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் பாதி யார் வீட்டு வாசலிலோ இருந்த எண் பலகை. சம்பளமில்லாமல் அளவெடுத்த கூலி நாம். அந்தக் காலத்துச் செயின்மேனுக்காவது அரிசி கொடுத்தார்கள்.

இந்தப் படங்களிலெல்லாம் நான் தேடிப் பார்த்து அகப்படாத இடம் ஒன்று உண்டு. இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் பிராங் பெசார் தோட்டம், 1921-ல் முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் தொடங்கியது. பெயருக்கே பெரும்போர் என்றுதான் அர்த்தம். 1995-ல் அந்த இடத்தில் புத்ராஜெயா எழும்ப ஆரம்பித்தது. அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களை, பக்கத்து செட்ஜ்லி, கேலவே, மேடிங்லி தோட்டத்தாரையும் சேர்த்து, டெங்கிலில் தாமான் பெர்மாத்தா பிளாட்டுக்கு மாற்றினார்கள். ஸ்ட்ரீட் வியூவில் பழைய வருஷத்துப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கும் வசதி 2014-ல் வந்தது. தள்ளினேன். பாலமும் மாளிகையும் ஏரியும் வருகின்றன. பெரட்டுக்களம் வரவில்லை. காமிரா பிறப்பதற்கு முன்பே போன இடம்.

வழிசொல்லும் பெட்டி காடிக்குள் வந்தது ஸ்ட்ரீட் வியூவுக்கும் முன்னால். கார்மின், பாப்பாகோ என்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திரிந்த காலம். அப்போது இந்த நாட்டில் சில நல்ல கிறுக்கர்கள், காசு வாங்காமல், ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளைக் காடியில் போட்டுக்கொண்டு தாமான் தாமானாக ஓட்டித் தடம் பதிவுசெய்து, இலவச வரைபடம் போட்டார்கள். மல்ஃப்ரீமேப்ஸ் அப்படி வந்ததுதான். அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் ஞாயிறு என்றால் வயிற்றைப் புரட்டும் என்று நினைக்கிறேன்.

பிறகு வேஸ். இஸ்ரேலில் பிறந்தது, 2013-ல் கூகிள் வாங்கியது. அந்த நாட்டுக்குச் செல்லாது என்று நம் பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கிறது. கைப்பேசியில் மட்டும் அது செல்லும். இங்கே அது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது: "வேஸ் போட்டு வந்துருங்கண்ணே."

ஆனால் சந்துபொந்து படத்தில் ஏறியதற்குக் காரணம் தொரையோ ராணுவமோ இல்லை, பசி. 2012 ஜூனில் கோலாலம்பூரில் மைடெக்சி என்று டாக்சி கூப்பிடும் செயலியாகத் தொடங்கிய கிராப், சாப்பாட்டுப் பொட்டலமும் தூக்க ஆரம்பித்தது. காடிக்காகப் போட்ட படத்தில் மோட்டார் போகிற சந்து இல்லை. பிளாட்டின் பின்வாசல் இல்லை. பேரங்காடியில் எந்தக் கதவில் பொட்டலம் வாங்குவது என்பது இல்லை. 2019-ல், பிறகு கர்டாவியூ என்று பெயர் மாறிய தெருப்படத் தளத்தை வாங்கி, கர்டாகேம் என்று சின்னக் காமிரா செய்து, மோட்டார் பையன்களின் தலைக்கவசத்தில் மாட்டினார்கள். 2022-ல் கிராப்மேப்ஸ் என்று அதை மற்ற கம்பெனிகளுக்கும் விற்க வந்தார்கள். அரை டன் தியோடலைட் சுருங்கிச் சுருங்கி, ஆறு வெள்ளி டெலிவரிக்கு மழையில் நனைகிற ஒரு பையனின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வித்தியாசம், இவனுக்கு ஆறு வாரம் கூடாரத்தில் உட்கார நேரமில்லை. சூப் ஆறிவிடும்.

வடக்கே 200 மீட்டர் போ என்றால் நம்மவன் எங்கே போவான்? கூகிள்காரர்களுக்கு இது இந்தியாவில் உறைத்தது. 2009 டிசம்பரில் அங்கே பெட்ரோல் பங்க் தாண்டித் திரும்பு, கோயில் தாண்டித் திரும்பு என்கிற மாதிரி அடையாளம் சொல்லி வழிகாட்ட ஆரம்பித்தார்கள். 2025 நவம்பரில் அமெரிக்காவில், செயற்கை நுண்ணறிவு கோடிக்கணக்கான இடங்களைத் தெருப்படங்களோடு ஒப்பிட்டு, ஓட்டுபவன் கண்ணுக்கு நிஜமாகவே தெரிகிற கடை எது என்று பார்த்து, அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் பிறகு வலப்பக்கம் திரும்பு என்று சொல்லும் என்று அறிவித்தார்கள். மகத்தான பாய்ச்சல் மாதிரிதான் சொன்னார்கள். பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கு எதுக்குடா மிஷினு?" என்று வெற்றிலையைத் துப்பினார்.

பெரியம்மாவின் அடையாளங்களில் ஒரே ஒரு கோளாறு. அதில் எதுவும் இப்போது இல்லை.

போன மாதம் மீ கோரெங் ஆர்டர் போட்டேன். ஏதோ ஒரு செயலி, பெயர் வேண்டாம். எங்கள் வீட்டுப் புள்ளியை அது நகர்த்தி ஏரிக்குள் வைத்திருந்தது. பையன் போன் செய்தான், தமிழ்ப் பையன். "அண்ணே, மேப்பு தண்ணிக்குள்ள காட்டுது. நான் கரையில நிக்கறேன்." நான் எஸ்கே, பின்னம், சாய்வுக்கோடு என்று ஆரம்பித்தேன். பெரியம்மா போனைப் பிடுங்கினார்.

"தம்பி, அந்தப் பள்ளம் இருக்குல்ல?"

"எந்தப் பள்ளம் பாட்டி? இங்க ஏரிதான் இருக்கு."

"அதான்டா பள்ளம். அதுல சீனன் ஈயம் தோண்டிக்கிட்டிருந்தப்ப மண்ணு லோரி போற ரோடு ஒண்ணு இருக்கும். அதுலயே வந்து, ஒத்தப் பால்மரம் ஒண்ணு நிக்கும், அதுகிட்ட பீச்சாங்கை பக்கம் திரும்பு."

"பாட்டி, நான் 2003-ல பொறந்தவன் பாட்டி."

பெரியம்மா ஒரு நிமிஷம் யோசித்தார்.

"சரி, ஒங்கம்மாவ லைன்ல போடு."

போட்டான். பால்மரத்தைத் தெரியாது, ஆனால் அதை வெட்டியவரைத் தெரியும் என்று அந்தம்மா சொல்ல, அங்கிருந்து யார் பெண்ணை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பேச்சு இருபது நிமிஷம் போனது. நடுவில் எப்போதோ வழியும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். கேட்டில் ஹாரன் அடித்தது. மீ கோரெங் ஆறிப்போயிருந்தது. பெரியம்மா இன்னும் போனை வைக்கவில்லை.